நல்ல பேருக்குப் பின்னால் மறையும் தாழ்வு மனப்பான்மை: எப்படி அடையாளம் காண்பது?

தன் மேலேயே மதிப்பு இல்லாத ஒருவரைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தலை குனிந்திருப்பார், யாரிடமும் பேச மாட்டார், கூட்டத்தில் மூலையாகப் பார்த்து உட்காருவார். அப்படிச் சிலர் இருக்கிறார்கள்தான். ஆனால் நம் வீட்டிலும் வேலையிடத்திலும் இந்தச் சிக்கலோடு வாழ்பவர்களில் நிறையப் பேர் நல்ல பேர் வாங்கியவர்கள். "எதையும் வேணும்னு கேட்கவே மாட்டா, அவ்வளவு தங்கமான பொண்ணு." "எந்த வேலையைக் கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டான்." "புகழ்ந்தாலே கூச்சப்படுவார், அவ்வளவு அடக்கம்." பாராட்டாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சுகளுக்குப் பின்னால் சில நேரம், தான் எதற்கும் லாயக்கில்லை என்று நம்பிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சுற்றி இருக்கிறவர்களுக்கு அவரால் ஒரு தொந்தரவும் இல்லை. அதனாலேயே பல வருடங்கள் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

முதலில், சுயமதிப்பு என்று எதைச் சொல்கிறோம் என்று பார்த்துவிடலாம். ஒரு மனிதராக நான் எவ்வளவு பெறுமானம் உள்ளவர் என்று நமக்குள் நாமே வைத்திருக்கும் கணிப்புதான் அது. தன்னம்பிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். "வண்டி நன்றாக ஓட்டுவேன், கணக்குப் போட்டால் தப்பு வராது" என்பது தன்னம்பிக்கை. குறிப்பிட்ட ஒரு திறமையைப் பற்றியது. வண்டி ஓட்ட வராவிட்டாலும், கணக்கில் தோற்றாலும், நானும் மற்றவர்களுக்குச் சமமான ஆள்தான் என்று இருக்க முடிவது சுயமதிப்பு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. மேடையில் ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் பேசுகிற ஒருவர், இறங்கி வந்ததும் "இந்தக் கூட்டத்தில் என்னை யார் மதிக்கப்போகிறார்கள்" என்று ஓரமாக ஒதுங்குவதும் நடக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதற்கு ஒரு சின்னக் கணக்குச் சொன்னார். நாம் சாதித்ததை, சாதிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதால் வகுத்தால் வருவதுதான் சுயமதிப்பு என்றார். இந்தக் கணக்கில் எதிர்பார்ப்பு கீழே வகுக்கும் எண்ணாக நிற்கிறது. அது ஏற ஏற, மேலே எவ்வளவு சாதித்தாலும் விடை சின்னதாகிக்கொண்டே போகும். 98 மதிப்பெண் வாங்கி வரும் பிள்ளையிடம் மீதி 2 எங்கே போனது என்று கேட்கிற வீட்டில் நடப்பது இதுதான். கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. பிள்ளையோ கொஞ்ச காலத்தில் அந்தக் கேள்வியைத் தானே தன்னிடம் கேட்டுக்கொள்ளப் பழகிவிடுகிறது.

மோரிஸ் ரோசன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் 10 பள்ளிகளில் 5,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் செய்த ஆய்வில் பயன்படுத்தியது. மொத்தமே 10 வாக்கியங்கள். 5 நல்லவிதமாக, 5 எதிர்மறையாக. ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறோம் என்று குறிக்க வேண்டும். இன்றும் உலகம் முழுக்க ஆய்வுகளில் இதுதான் அதிகம் பயன்படுகிறது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நல்ல சுயமதிப்பு என்பதற்கு ரோசன்பர்க் கொடுத்த பொருள். மற்றவர்களைவிட நான் மேல் என்ற எண்ணத்தை அவர் அளக்கவில்லை. குறைகள் இருக்கின்றன, ஆனாலும் நான் போதுமான ஆள்தான் என்று ஒருவர் தன்னை ஏற்றுக்கொள்கிறாரா என்பதைத்தான் பார்த்தார். "பிள்ளைக்குச் சுயமதிப்பு வளர்ந்தால் தலைக்கனம் வந்துவிடுமே" என்று பயப்படுகிற பெற்றோர் இந்த இடத்தை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாராட்டு வரும்போது கவனியுங்கள்

அடையாளங்களில் மிகத் தெளிவானது, ஒருவர் பாராட்டை எப்படி எதிர்கொள்கிறார் என்பது. ஞாயிற்றுக்கிழமை மதியம், உறவினர்கள் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். "இன்னைக்கு மீன் குழம்பு பிரமாதம்" என்று ஒருவர் சொல்கிறார். "ஆமா, நேத்து ராத்திரியே வச்சிட்டேன், அதான்" என்று சமைத்தவர் சொன்னால் அது ஏற்றுக்கொள்வது. "எங்க அம்மா வச்சா இன்னும் நல்லா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தால் அது நம் ஊர் வழக்கமான தன்னடக்கம். முகத்தில் சந்தோஷம் தெரியும். மூன்றாவதாக ஒரு பதில் உண்டு. "இல்ல, புளி கூடிப்போச்சு. நீங்க எனக்காகச் சொல்றீங்க." சொல்லும்போது முகம் இறுகுகிறது. கை சோற்றுத் தட்டையோ சேலைத் தலைப்பையோ தேடுகிறது. பேச்சு வேறு பக்கம் திரும்பினால் போதும் என்று இருக்கிறது. அன்றைக்கே யாராவது ஒருத்தர் "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லியிருந்தால், ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது பாராட்டிய நாலு பேர் நினைவுக்கு வர மாட்டார்கள், அந்த ஒருத்தர்தான் வருவார்.

இந்த மூன்றாவது பதிலை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது. அடக்கமானவருக்குத் தன் பெறுமானம் தெரியும், பேசிக் காட்ட மாட்டார், அவ்வளவுதான். தாழ்ந்த சுயமதிப்பு உள்ளவருக்கோ அந்தப் பாராட்டு பொய் என்றே படுகிறது. நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் பிம்பத்தோடு ஒத்துப்போகும் பேச்சையே நாம் நம்புகிறோம், அது கசப்பாக இருந்தாலும் கூட, என்று வில்லியம் ஸ்வான் என்ற உளவியலாளர் விளக்கினார். தன்னை மட்டமாக நினைப்பவர்கள், தங்களை மட்டமாகவே எடைபோடுகிறவர்களோடு பழகுவதைத் தேர்ந்தெடுக்கும் போக்கு இருப்பதை அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கும் ஒருவரைவிட்டு ஏன் விலகாமல் இருக்கிறார் என்று சிலரைப் பார்த்து நாம் ஆச்சரியப்படுவதுண்டு. எல்லாருக்கும் அது காரணம் இல்லை. பணம், பிள்ளைகள், பயம் என்று எத்தனையோ இருக்கும். ஆனால் சிலருக்கு அந்தத் திட்டுகளில் புதிதாக ஒன்றும் இல்லை. தனக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைத்தான் எதிரில் இருப்பவரும் சொல்கிறார்.

படித்து, வேலையில் உயர்ந்தவர்களிடம் இது வேறு மாதிரி வரும். பவுலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல், நன்றாகப் படித்து நல்ல நிலையில் இருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி எழுதினார்கள். பட்டமும் பதவியும் இருந்தும், தங்களுக்கு உண்மையில் திறமை இல்லை, எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களில் பலர் நம்பினார்கள். வெற்றி வந்தால் அதிர்ஷ்டம், தேர்வு சுலபம், எடுத்தவர் தவறாக எடுத்துவிட்டார். தோல்வி வந்தால் மட்டும் அது முழுக்கத் தன்னுடையது. "அன்னைக்கு இன்டர்வியூ எடுத்தவங்க நல்ல மூடுல இருந்தாங்க, அதான் கிடைச்சுது" என்று பல வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அந்தப் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

"பரவாயில்லை" என்பவர்கள்

ஹோட்டலில் "உங்களுக்கு என்னவோ அதே எனக்கும்." வாங்கின சட்டையில் தையல் விட்டிருக்கிறது, கடைக்குப் போய் மாற்றக் கூச்சம். கடன் கொடுத்த 2,000 ரூபாயைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. கேட்டால் அவர் என்ன நினைப்பாரோ. பஸ்ஸில் இன்னொருத்தர் காலை மிதித்தாலும் "சாரி" சொல்வது இவர்தான். அலுவலகத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு யாரோ தள்ளிவிடும் வேலைக்கும் தலையாட்டுவார். பார்க்க நல்ல குணம் போலவே இருக்கும்.

நல்ல குணமா, சுயமதிப்புக் குறைவா என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். முடியாது என்று சொல்ல முடிந்தும் செய்கிறாரா, சொல்லவே முடியாமல் செய்கிறாரா? விட்டுக்கொடுப்பவருக்கு வேண்டும்போது மறுக்கவும் வரும். "இன்னைக்கு முடியாதுங்க, நாளைக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். மற்றவருக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் முன்பே நெஞ்சு படபடக்கும். சொல்லிவிட்டாலோ ஒரு காரணத்துக்கு மூன்று காரணம் அடுக்குவார். அப்புறம் ராத்திரி முழுக்க, அவர் கோபப்பட்டிருப்பாரோ என்று யோசித்து, காலையில் ஒரு மன்னிப்பு வாட்ஸ்அப்பும் போடுவார். தன் தேவை என்றாலே அது மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று அவர் மனம் எடுத்துக்கொள்கிறது. முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம் இதைப் பொறுமை என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

வகுப்பில் வாய் திறக்காத பையன்

கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, பொறியியல் கல்லூரிக்கு வரும் மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் எல்லாம் ஆங்கிலத்தில் போகிறது. பாடம் முடிந்ததும் ஆசிரியர் "டவுட் ஏதாவது?" என்கிறார். பையனுக்குச் சந்தேகம் இருக்கிறது, அது தமிழில் முழு வாக்கியமாக மனதில் நிற்கிறது. ஆங்கிலத்தில் முதல் சொல்லைத் தேடுவதற்குள் முன் பெஞ்சில் ஒருவன் சரளமாக வேறு ஏதோ கேட்டுவிடுகிறான். இவன் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறான். இதுவரை ஒரு சிக்கலும் இல்லை, புது இடத்தில் யாருக்கும் வரும் தயக்கம்தான். அதன்பின் தனக்குள் அவன் என்ன சொல்லிக்கொள்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எனக்கு இங்கிலீஷ் இன்னும் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டால் அது ஒரு குறை, கற்றுக்கொண்டால் போய்விடும். "நான் முட்டாள், இங்கே வந்திருக்கவே கூடாது" என்று சொல்லிக்கொண்டால் அது ஆளையே எடுத்துத் தூரப் போடும் தீர்ப்பு.

ஒரு செயலில் இருந்து முழு ஆளுக்குத் தாவும் இந்தப் பேச்சு மிகவும் நம்பகமான அடையாளம். "இதில் சொதப்பிவிட்டேன்" என்று சொல்லாமல் "நான் எப்பவுமே இப்படித்தான், எதைத் தொட்டாலும் விளங்காது" என்பார்கள். எப்பவுமே, எதுவுமே, யாருக்குமே போன்ற சொற்கள் தன்னைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வருகின்றனவா என்று பாருங்கள்.

பிரிட்டிஷ் உளவியலாளர் மெலனி ஃபென்னல் 1997-இல் இது எப்படிச் சுழல்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். அடியில் தன்னைப் பற்றிய ஒரு முடிவு: நான் போதாதவன். அதை வைத்துக்கொண்டு வாழ்வதற்கு மனம் ஒரு விதி போட்டுக்கொள்கிறது: வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒழுங்காகப் போகும்வரை விதி காப்பாற்றுகிறது. பிறகு விதி உடையும் ஒரு நாள் வருகிறது. நம் மாணவனுக்கு அது மூன்றாம் ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூ. குழு விவாதத்தில் பேசியே ஆக வேண்டும். எப்படியும் உளறப்போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதால் படபடப்பு, படபடப்பில் பேச்சு தடுமாறுகிறது, "பார், நான் நினைத்தது சரிதான்." அல்லது அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று போகாமலே இருந்துவிடுகிறான். போகாததால் தன் எண்ணம் தவறாக இருக்கலாம் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே இல்லை. ஒருவேளை நன்றாகப் பேசித் தேர்வாகிவிட்டாலோ, அது அதிர்ஷ்டக் கணக்கில் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் அடியில் இருக்கும் முடிவுக்கு ஒரு கீறலும் விழுவதில்லை. இத்தனை வருடம் ஆகியும் ஏன் மாறவில்லை என்று தன்னைத்தானே நொந்துகொள்பவர்கள் இந்தச் சுழலைத் தெரிந்துகொள்வது நல்லது. மனவுறுதி இல்லாததால் அவர்கள் மாட்டிக்கொள்ளவில்லை.

வேறு உருவங்களும் இதற்கு உண்டு. ஒரு மின்னஞ்சலைப் பத்து முறை படித்தும் அனுப்பத் தயங்குவது, சின்னத் தவறும் இருக்கக் கூடாது என்று வேலையை முடிக்கவே முடியாமல் தள்ளிப்போடுவது, குழுப் புகைப்படம் என்றால் "நான் எடுக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொள்வது, முடிவெடுக்கும் முன் நாலு பேரைக் கேட்டுவிட்டு ஐந்தாவது ஆளையும் தேடுவது. கோபமாகவும் வெளிவரலாம். வீட்டில் யாராவது சின்னத் திருத்தம் சொன்னாலும் "என்னை எவனும் மதிக்கிறதில்ல" என்று வெடிக்கிற அப்பாவுக்கு, அந்தத் திருத்தம் தன் மொத்தப் பெறுமானத்தின் மேல் விழுந்த அடியாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் திமிராகப் பேசுகிற எல்லாருக்கும் அடியில் தாழ்வு மனப்பான்மைதான் இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. சிலர் உண்மையிலேயே தங்களை உயர்வாக நினைப்பதால்தான் அப்படிப் பேசுகிறார்கள்.

இதில் ஒன்றிரண்டு எல்லாரிடமும் இருக்கும், எனக்கும் உண்டு. பரீட்சையில் தோற்ற வாரத்தில் யாருக்கும் தன் மேல் மதிப்புக் குறையத்தான் செய்யும். பல மாதங்களாக, வீடு, வேலை, நட்பு என்று எல்லா இடத்திலும் இதே போக்கு தெரிந்தால்தான் அதை அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் சின்ன வயதில் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சிலிருந்து. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது, கல்யாண வீட்டில் "என்ன இப்படிக் கறுத்துட்ட" என்பது, பள்ளியில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது. சொன்னவர்கள் மறந்திருப்பார்கள். யாரும் எதுவும் சொல்லாத வீடுகளிலும் இது வரும். நல்லது செய்தாலும் கண்டுகொள்ள ஆளில்லாமல் வளர்வது பெரிய காரணம்.

சாதி, நிறம், வறுமை என்று சமூகமே ஒருவரை மட்டம் தட்டும்போது, அதை அவருடைய மனச்சிக்கலாகப் பார்ப்பது அநியாயம். ஜெனிஃபர் குரோக்கர், பிரெண்டா மேஜர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் கவனிக்கத்தக்க ஒன்றை எழுதினார்கள். ஒதுக்கப்படும் மக்களுக்குச் சுயமதிப்பு குறைவாகத்தான் இருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. தனக்கு நடந்தது பாகுபாடு, தன் குறையல்ல என்று அடையாளம் காண முடிகிறவருக்கு அது ஒரு காப்பாக நிற்கிறது என்பது அவர்கள் தந்த காரணங்களில் ஒன்று. 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் இங்கே செய்த வேலையில் இதுவும் இருக்கிறது. அவமானம் யாருடைய தவறு என்பதை அது ஊரறியப் பேசியது.

கண்டுகொண்ட பிறகு

கண்ணாடி முன் நின்று "நான் அற்புதமானவன்" என்று தினமும் சொல்லச் சொல்லி நிறையப் பேர் அறிவுரை தருகிறார்கள். தயவுசெய்து இதை எல்லாருக்கும் சொல்லாதீர்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2009-இல் இதைச் சோதித்தார்கள். தான் அன்புக்குரிய ஆள் என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சுயமதிப்பு குறைந்தவர்களின் மனநிலை மேலும் இறங்கியது. ஏற்கெனவே நன்றாக இருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். உள்ளே நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, மனம் எதிர்ச்சான்றுகளைத் தேடி எடுத்து நீட்டுகிறது.

பிள்ளைகளை அளவுக்கு மீறிப் புகழ்வதும் இதே போலத்தான். நெதர்லாந்தில் எடி பிரம்மல்மன் குழு நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், சுயமதிப்பு குறைந்த குழந்தைகளிடம் அவர்கள் வரைந்த படத்தை நம்பவே முடியாத அளவு அழகு என்று புகழ்ந்தார்கள். அடுத்த முறை அந்தக் குழந்தைகள் கடினமான படத்தை விட்டுவிட்டுச் சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உயரத்தை இன்னொரு முறை தொட முடியாதோ என்ற பயம். அதற்குப் பதிலாக, பார்த்ததைச் சொல்லுங்கள். "மரத்துக்கு ரெண்டு பச்சை கலந்திருக்கியே" என்றால் போதும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். "நீ சூப்பர்" என்றால் தட்டிவிடுவார். "நீ அனுப்பின அந்தப் பட்டியலால எனக்கு அரை நாள் மிச்சம்" என்றால் தட்டிவிட இடமில்லை.

தனக்கே இந்த அடையாளங்கள் இருப்பதாகத் தோன்றினால், ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். என்ன நடந்தது, அப்போது எனக்கு நான் என்ன சொல்லிக்கொண்டேன், இதே நிலையில் இருக்கும் நண்பரிடம் அதே சொற்களைச் சொல்வேனா. மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதும்போதுதான், தனக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று வைத்திருப்பது பலருக்குத் தெரியவருகிறது. அடுத்தபடியாக, மனம் போட்டு வைத்திருக்கும் அந்த விதியைச் சின்னதாக ஒருமுறை மீறிப் பார்க்கலாம். கடையில் அந்தச் சட்டையை மாற்றித் தரக் கேட்பது போதும். என்ன நடக்கும் என்று முன்பு நினைத்ததையும், உண்மையில் நடந்ததையும் அருகருகே எழுதுங்கள்.

தாழ்ந்த சுயமதிப்பு தனியாக ஒரு நோய் இல்லை. ஆனால் மனச்சோர்வு நோயோடு சேர்ந்தே வருவது அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் இறங்கியே இருந்தால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி" என்ற எண்ணமோ பேச்சோ வந்தால் அன்றைக்கே. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் கூப்பிட வேண்டிய எண் 1926. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எண்ணங்களையும் பழக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்யும் பேச்சுச் சிகிச்சைக்கு இந்தச் சிக்கலில் நல்ல பலன் உண்டு. "உங்கள் நேரத்தை வீணாக்குகிறேனோ" என்ற தயக்கம் மருத்துவர் முன்பும் வரும். அது இந்தச் சிக்கலின் பேச்சு, அதற்காக எழுந்து வந்துவிடாதீர்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், எழுதி வைத்த அந்த ஒரு வாரத் தாளை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.